‘முடிவுகள் இல்லை’ என்று வந்த பிறகு: அரிய தமிழ் நூல்களை இணையத்தில் தேடும் வழி

பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றின் பெயரைக் கூகுளில் தட்டினால் பெரும்பாலும் என்ன வரும்? ‘இருப்பில் இல்லை’ என்று சொல்லும் விற்பனைப் பக்கம், நூலைப் பற்றிய ஒரு பழைய அறிமுகம், ‘இலவச பிடிஎஃப்’ என்று கூப்பிட்டு விளம்பரத்துக்குள் தள்ளும் இரண்டு மூன்று தளங்கள். இதோடு தேடலை நிறுத்திவிட்டு ‘இணையத்தில் இல்லை’ என்று முடிவுகட்டுபவர்கள்தான் அதிகம். ஆனால் அந்தப் புத்தகம் பல சமயம் ஸ்கேன் செய்யப்பட்டு எங்கோ இருக்கும். படமாக மட்டும் இருப்பதால் அதன் உள்ளே கூகுளால் படிக்க முடியாது. பட்டியலில் அதன் பெயரை யார் எப்படித் தட்டச்சு செய்தார்கள் என்பதை வைத்துத்தான் அது அகப்படும்.

தேடுமுன் ஒரு சீட்டு

தேடுபெட்டிக்குப் போகுமுன் ஒரு தாளில் நூலாசிரியர், உரையாசிரியர், பதிப்பாசிரியர், முழுத்தலைப்பு, அச்சுக்கூடம், ஊர், ஆண்டு, எத்தனையாம் பதிப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் தெரிந்திருக்காது. தெரியாததை நிரப்ப நல்ல இடம் ஷோத்கங்கா. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே இயல் இயலாகத் தனிக்கோப்புகளாகக் கிடைக்கின்றன. உங்கள் பொருளில் வந்த தமிழ் ஆய்வேடு ஒன்றை எடுத்து, கடைசிக் கோப்பான துணைநூற்பட்டியலை மட்டும் பாருங்கள். பதிப்பு விவரம் பாதியாவது அகப்படும்.

அடுத்தது வேர்ல்ட்கேட் என்ற உலக நூலகப் பட்டியல். 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் டெல்லி அலுவலகம் வழியாக இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவந்தது. அதனால் உள்ளூர் நூலகத்தில் இல்லாத 1960கள், 70களின் தமிழ் நாவலோ கட்டுரைத் தொகுப்போ சிகாகோவில் இருக்கும். படிக்கக் கிடைக்காவிட்டாலும் சரியான தலைப்பும் ஆண்டும் பக்க எண்ணிக்கையும் தெரிந்துவிடும். அந்தப் பக்க எண்ணிக்கையைக் கட்டாயம் குறித்துவையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பழைய நூலானால் ஆண்டு என்ற இடத்தில் ‘சர்வசித்து வருடம்’ என்று மட்டும் இருக்கக்கூடும். அறுபதாண்டுச் சுழற்சியில் முதல் ஆண்டான பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் ஏப்ரலில் பிறந்தது. சர்வசித்து இருபத்தோராவது. ஆகவே அது 1887–88 அல்லது 1947–48. எது என்பதை எழுத்துருவமும் தாளும் அச்சுக்கூடத்தின் பெயரும் சொல்லிவிடும். திருவள்ளுவர் ஆண்டு போட்டிருந்தால் 31ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

பெயரை உடைத்துத் தேடுங்கள்

தேடலில் கோட்டைவிடும் இடம் பெரும்பாலும் இதுதான். அதனால் கொஞ்சம் நேரம் செலவழிக்கலாம்.

முதல் சிக்கல், சொற்கள் சேரும்போது எழுத்து மாறும் புணர்ச்சி. ‘நன்னூல் காண்டிகையுரை’ என்று நீங்கள் தட்டுவீர்கள். முகப்பில் ‘நன்னூற்காண்டிகையுரை’ என்று ஒரே சொல்லாக இருக்கும். பட்டியல் எழுதியவர் அப்படியே எழுதியிருந்தால் ‘நன்னூல்’ என்ற தேடலுக்கு அது சிக்காது. ‘திருவிளையாடல் புராணம்’, ‘திருவிளையாடற்புராணம்’ கதையும் இதுவே. வழி என்னவென்றால், மாறாத பகுதியை மட்டும் தட்டுவது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச மின்களஞ்சியத்தில் ‘நன்னூ’ என்று தட்டி ஒட்டி ஒரு நட்சத்திரக் குறி போட்டால் அப்படித் தொடங்கும் சொற்கள் எல்லாம் வரும். நட்சத்திரக் குறி வேலை செய்யாத தளங்களில் சேர்த்தும் பிரித்தும் இரண்டு முறை தேடுங்கள்.

அடுத்தது ஆள்பெயர். 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். சாமிநாதையர், சாமிநாத ஐயர், சுவாமிநாத ஐயர், உ. வே. சா. என்று நாலு வடிவிலும் அவர் பதிவாகியிருக்கிறார். தலைப்பெழுத்துக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா இல்லையா என்பதுகூடச் சில தளங்களில் முடிவை மாற்றும். எனவே தலைப்பெழுத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் தேடுவதே நல்லது. பழைய முகப்புகளில் ‘எட்டுத்தொகையுள் ஒன்றாகிய’ என்ற மாதிரி அடைமொழி முதலில் வரும். சில பட்டியல்கள் அதையே தலைப்பாக எடுத்துக்கொள்கின்றன. அகரவரிசையில் ‘பு’வின் கீழ்த் தேடினால் புறநானூறு எப்படிக் கிடைக்கும்?

மூன்றாவது ரோமன் எழுத்து. அமெரிக்க, ஐரோப்பிய நூலகங்களில் தமிழ்ப் பெயர்களை ஒலிக்கிறபடி எழுத மாட்டார்கள், எழுத்துக்கு எழுத்து மாற்றுவார்கள். ‘க’ எங்கே வந்தாலும் கே, ஜி கிடையாது. ‘ச’ எப்போதும் சி, எஸ் அல்ல. ‘த’வுக்கு டி மட்டும், பக்கத்தில் எச் சேராது. ‘ழ’வுக்குக் கீழே கோடிட்ட எல். ஆகவே சாமிநாதையரை அங்கே சி வரிசையில் தேட வேண்டும். கோடு, புள்ளிகளைத் தட்டாமல் வெறும் எழுத்தைத் தட்டினாலே பெரும்பாலான பட்டியல்கள் ஏற்றுக்கொள்ளும். இந்தியாவில் ஸ்கேன் செய்தவர்களோ காதில் விழுந்தபடி எழுதினார்கள். ‘ழ’வுக்கு இசட்-எச், ஒற்றை எல், இரட்டை எல் எல்லாம் பார்க்கலாம். இரண்டு முறையிலும் தேடுங்கள்.

கடைசியாக, கண்ணுக்குத் தெரியாத பிழைகள். ஔவையார் என்பதன் முதலெழுத்து ஒருங்குறியில் (யூனிகோடில்) ஒரே குறியீடு. அதை ‘ஒ’வும் ‘ள’வும் சேர்த்துத் தட்டியவர்கள் ஏராளம். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும், தேடலுக்கு வேறு சொல். ‘ஸ்ரீ’ என்பதையும் இரண்டு விதமாகத் தட்ட முடியும், திரையில் வேறுபாடே தெரியாது. இந்த எழுத்துகள் வரும் பெயரானால் அவற்றைத் தவிர்த்து மிச்சத்தை மட்டும் தேடுங்கள்.

எங்கே, எந்த வரிசையில்

தமிழ்நாட்டுப் பதிப்பென்றால் முதலில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். நூல்களோடு பருவ இதழ்களும் சுவடிகளும் அங்கே இருக்கின்றன. ஈழத்து நூல், மலர், துண்டறிக்கை, பத்திரிகை என்றால் நூலகம் நிறுவனத்தின் தளத்திலேயே தொடங்குங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்தவற்றை நினைத்தால், 2005இல் தொடங்கிய இந்தத் தன்னார்வ முயற்சியின் அருமை புரியும். அங்கே ஒவ்வோர் ஆவணத்துக்கும் நூலக எண் உண்டு. மேற்கோள் காட்டும்போது அதையும் சேர்த்துக் குறியுங்கள்.

படமாக வேண்டாம், எழுத்தாகவே வேண்டும் என்றால் இரண்டு இடங்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் ஒன்று, விக்கிமூலம் இன்னொன்று. மதுரைத் திட்டத்தின் கோப்புகள் தட்டச்சு செய்யப்பட்டவை, அதனால் அச்சுப் பதிப்பின் பக்க எண்ணுக்கு அவற்றை நம்ப முடியாது. விக்கிமூலத்தில் ‘அட்டவணை’ப் பக்கத்தைத் திறந்தால் ஸ்கேனும் எழுத்தும் அருகருகே தெரியும். பக்க எண்ணின் நிறம் சிவப்பானால் மெய்ப்புப் பார்க்கப்படவில்லை, மஞ்சளானால் ஒருவர் பார்த்திருக்கிறார், பச்சையானால் இரண்டாமவரும் சரிபார்த்துவிட்டார். சிவப்புப் பக்கத்திலிருந்து மேற்கோள் எடுத்தால் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இன்றைய எழுத்தாளர்கள் தாங்களே விரும்பி இலவசமாக வெளியிட்டவை ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளத்தில் கிடைக்கும்.

இன்டர்நெட் ஆர்க்கைவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரும் புதையலும் பெரும் குப்பையும் அங்கேதான். 2000களில் இந்தியாவில் நடந்த ‘டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா’ திட்டத்தின் தளம் பின்னர் மூடப்பட்டது. அதன் ஸ்கேன்கள் ஆர்க்கைவில் ஏற்றப்பட்டிருக்கின்றன. பழைய கட்டுரைகளில் அத்தளத்தின் இணைப்பு செத்துக் கிடந்தாலும் அதிலுள்ள நீண்ட பட்டைக்குறி எண்ணை ஆர்க்கைவின் தேடுபெட்டியில் போட்டுப் பாருங்கள், விவரப் பகுதியில் அந்த எண் பதிவாகியிருந்தால் நூல் அகப்படும். இந்த ஸ்கேன்களில் மொழி தவறாக இருக்கலாம், ஆசிரியரும் பதிப்பாளரும் இடம் மாறியிருக்கலாம், ஆண்டு சுழியமாகக்கூட இருக்கும். எனவே ‘தமிழ்’ என்ற வடிகட்டியைப் போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை தேடுங்கள்.

‘உள்ளடக்கத்தில் தேடு’ என்ற வசதியும் ஆர்க்கைவில் உண்டு. ஆனால் படத்திலுள்ள எழுத்தைப் படிக்க முன்பு அவர்கள் பயன்படுத்திய எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. அந்தக் காலத்தில் ஏறிய கோப்புகளில் ‘இம்மொழியை உணர இயலாது’ என்ற பொருளில் ஆங்கிலக் குறிப்பு ஒன்று இருக்கும். அவை உள்ளடக்கத் தேடலில் சிக்கவே சிக்காது. 2020க்குப் பிறகு டெசராக்ட் என்ற வேறோர் எழுத்துணரிக்கு மாறியதால் புதிதாக ஏறும் தமிழ் நூல்களில் தேட முடிகிறது.

கிடைத்த கோப்பைச் சோதியுங்கள்

பதிவிறக்கியதும் மகிழ்ந்துவிட வேண்டாம். பழைய ஸ்கேன்களில் பக்கம் விடுபடுவது சர்வசாதாரணம். முழுவதும் புரட்டாமலே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அச்சுப் பக்கம் 50 கோப்பின் எத்தனையாவது படத்தில் வருகிறது என்று பாருங்கள். 66 என்றால் வித்தியாசம் 16. அச்சுப் பக்கம் 100 இப்போது 116இல் வர வேண்டும். 114இல் வந்தால் நடுவே இரண்டு பக்கம், அதாவது ஒரு தாள், போயிருக்கிறது. 75ஐப் பாருங்கள். அங்கே வித்தியாசம் 16தான் என்றால் ஓட்டை அதற்குப் பிறகு. இப்படிப் பாதிபாதியாகக் குறுக்கினால் சில நிமிடங்களில் இடம் தெரிந்துவிடும். வித்தியாசம் கூடினால் ஒரே பக்கத்தை இரண்டு முறை ஸ்கேன் செய்திருக்கிறார்கள், அல்லது எண்ணில்லாத படத்தாள் ஒன்று நடுவில் இருக்கிறது.

முகவுரைக்குத் தனி எண் ஓடும். பழைய நூல்களில் அது தமிழ் எண்ணாக இருக்கும்: ௧, ௨, ௩ என்று போய்ப் பத்துக்கு ௰ வரும், பன்னிரண்டு ௰௨, இருபது ௨௰. இந்தப் பகுதியைத் தனியாக எண்ணிப் பாருங்கள். கடைசியில் வரும் பிழைதிருத்தமும் அரும்பத அகராதியும் விடுபட்டிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பாடபேதம் பார்ப்பவருக்குப் பிழைதிருத்தம் இல்லாத ஸ்கேன் ஆபத்து. மொத்தத்தை முன்பு குறித்த பக்க எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். ஓட்டை இருந்தால் அதே நூலின் வேறு பிரதி ஸ்கேனைத் தேடுங்கள். புகழ்பெற்ற நூல்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்கேன்கள் இருப்பது உண்டு, ஒன்றில் விட்டது இன்னொன்றில் இருக்கும்.

பூட்டுகள்

நூல் இருப்பது தெரிகிறது, திறக்க விடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் பதிப்புரிமை. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியர் மறைந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். 1964இல் மறைந்தவரின் நூல்கள் 2025 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. இலங்கையில் 70 ஆண்டுகள். எனவே 1954இல் மறைந்தவரின் நூல் இந்தியாவில் 2015இலும் இலங்கையில் 2025இலும் விடுபட்டது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களுக்கு இந்தக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. அவர்கள் நூல்களை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம்.

புதியவர்கள் சறுக்கும் ஓரிடம் உண்டு. மூலம் ஆயிரம் ஆண்டுப் பழமை என்பதால் உரையும் பொதுச்சொத்து ஆகிவிடாது. உரைக்கும் மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை. உரைகாரர் 1974இல் மறைந்திருந்தால், நாட்டுடைமை ஆகாத வரை, திருக்குறளுக்கான அவருடைய உரை 2034 முடியும்வரை பூட்டித்தான் இருக்கும்.

ஹாத்திடிரஸ்ட் போன்ற அமெரிக்கக் களஞ்சியங்களில் பூட்டு நாட்டைப் பொறுத்தது. அமெரிக்காவிலிருந்து பார்ப்பவருக்கு முழுதாகத் திறக்கும் நூல் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ‘தேடல் மட்டும்’ என்று நிற்கும். அங்கே படிக்கும் நண்பர் இருந்தால் தேவையான பக்கத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லலாம்.

கிண்டிலில் வாங்கினாலும் முழு நிம்மதி இல்லை. வாங்கிய கோப்பைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் வசதியை 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். டெலிகிராம் குழுக்களைப் பற்றி: விற்பனையில் இருக்கும் நூலை அங்கே எடுப்பது எழுத்தாளர் வயிற்றில் அடிப்பது. தமிழில் ஒரு பதிப்பு விற்றுத்தீரவே வருஷக்கணக்காகும்போது இது நியாயமில்லை.

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டமே கதவைத் திறந்திருக்கிறது. 2012 திருத்தம் அவர்கள் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்ற அனுமதிக்கிறது. இதே நோக்கம் கொண்ட பன்னாட்டு மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்ற நாடு இந்தியா. 2016இல் தொடங்கிய சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் உறுப்பினராகச் சேர்ந்தால் பூட்டியிருக்கும் நூல்களும் படிக்கக்கூடிய வடிவில் கிடைக்க வழி உண்டு.

ஸ்கேனே இல்லை என்றால்

அடுத்தது அஞ்சல் வழி. சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலை இணையத்திலேயே தேடலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரிப்பிலிருந்து வளர்ந்த நூலகம் அது. நாடகப் பிரதி, குஜிலிப் பாட்டுப் புத்தகம் (தெருவில் விற்ற மலிவுப் பாட்டுப் பிரதி), சினிமாப் பாட்டுப் புத்தகம் முதலியவற்றுக்கு வேறெங்கும் போவதற்கு முன் அங்கே பாருங்கள். 1954 சட்டத்தின்படி இந்தியாவில் அச்சாகும் நூலின் ஒரு பிரதி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் சென்னைக் கன்னிமாராவும் ஒன்று. பெசன்ட் நகரில் உள்ள உ. வே. சா. நூலகம், தஞ்சை சரசுவதி மகால், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் ஆகியவை சுவடிகளுக்கும் பழைய பதிப்புகளுக்கும்.

‘இந்தப் புத்தகம் வேண்டும், பிடிஎஃப் அனுப்புங்கள்’ என்று எழுதினால் பதில் வராது. இப்படி எழுதுங்கள்: “ஐயா / அம்மையீர், தங்கள் பட்டியலில் இன்ன எண்ணில் உள்ள இன்ன நூலில் (பதிப்பாசிரியர், அச்சகம், ஆண்டு) முகப்புப் பக்கமும் 112 முதல் 130 வரையான பக்கங்களும் என் ஆய்வுக்குத் தேவை. படியெடுக்க இயலுமா, கட்டணம் எவ்வளவு, எப்படிச் செலுத்துவது என்று தெரிவிக்க வேண்டுகிறேன்.” நூல் எண்ணும் பக்க எண்ணும் இருந்தால் ஊழியர் எழுந்து போய் எடுப்பதோடு வேலை முடிந்துவிடும். உரிமை முடியாத நூலானால் முழுப்பிரதி கேட்காதீர்கள். தனிப்பட்ட ஆய்வுக்கு வேண்டிய சில பக்கங்களுக்குத்தான் அவர்களால் இடம் கொடுக்க முடியும்.

எழுத்தாக மாற்ற

கோப்பு பிடிஎஃப் ஆக இருந்தும் அதிலிருந்து நகலெடுத்த வரி குப்பையாக ஒட்டுகிறதா? ‘தமிழ்’ என்ற சொல் இருந்த இடத்தில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி வந்தால் அது பாமினி எழுத்துரு. குறியிட்ட ஐரோப்பிய எழுத்துகளாக வந்தால் டிஸ்கி போன்ற பழைய குறிமுறையாக இருக்கலாம். என்எச்எம் மாற்றி என்ற மென்பொருளில் மூலக் குறிமுறையைத் தேர்ந்து ஒருங்குறிக்கு மாற்றுங்கள். சரியானதைத் தேர்ந்தீர்களா என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஒரு குறிப்பு: பாமினியில் சேமித்த கோப்பைக் கூகுளில் தமிழில் தட்டித் தேடினால் வராது, அந்தக் குப்பை எழுத்துகளையே தட்டினால் வரும்!

படமாக இருந்தால் எழுத்துணரி. கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தாலே தமிழ் எழுத்து கிடைக்கும். கோப்பு 2 எம்பிக்கு மிகாமல் பகுதிபகுதியாக வெட்டி ஏற்றுங்கள், பெரிதாக இருந்தால் பாதியில் நின்றுவிடும். நீங்களே ஸ்கேன் செய்வதானால் 300 டிபிஐ, சாம்பல் நிறம். விரித்த இரண்டு பக்கத்தை ஒரே படமாக எடுத்தால் வரிகள் குறுக்கே கலந்துவிடும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முந்தைய நூல்களில் துதிக்கை போட்ட ணை, லை, ளை, னை எழுத்துகளும் பழைய ணா, றா, னாவும் வரும். மென்பொருள் அவற்றில்தான் அதிகம் தடுமாறும். ‘ர’வும் காலும் மாறுவது எங்கும் உள்ளதுதான்.

சேமிக்கும் முறை

2017 ஆகஸ்டில் திரைப்படத் திருட்டை எதிர்த்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த தடையில் 2,650 தளங்களோடு ஆர்க்கைவும் சிக்கி இந்தியாவில் முடங்கியது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தையும் 2024 அக்டோபரில் ஆர்க்கைவையும் இணையத் தாக்குதல் படுக்கவைத்தது. பொதுவுடைமை நூல் கிடைத்தால் உடனே இறக்கி, இரண்டு இடத்தில் வையுங்கள். கோப்பின் பெயரில் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, எடுத்த தளம், அங்குள்ள எண் இருக்கட்டும். விடுபட்ட பக்கம் ஏதாவது இருந்தால் அதையும் பெயரிலேயே ‘97–98 இல்லை’ என்று எழுதிவிடுங்கள். ஆர்க்கைவிலும் விக்கிமூலத்திலும் அந்தக் குறையைக் கருத்துப் பகுதியிலோ பேச்சுப் பக்கத்திலோ குறித்துவைத்தால், முழுப்பிரதி கையில் இருப்பவர் அந்த ஒரு தாளை மட்டும் எடுத்துச் சேர்க்க முடியும்.